தானியம் இல்லை, சரி. டின்னுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு நான்கு வயது, எடை 28 கிலோ. கருத்தடை செய்திருக்கிறோம். ஆறு மாதமாகப் பாதங்களை நக்கிக்கொண்டும் காதுகளைச் சொறிந்துகொண்டும் இருக்கிறான். இதுவரை கோழி சேர்த்த உலர் உணவும் கோழிச் சோறும்தான் கொடுத்தோம். 'தானிய ஒவ்வாமையாக இருக்கும்' என்று கடைக்காரர், இறக்குமதியான 'கிரெயின் ஃப்ரீ' டின் உணவைக் கொடுத்தார். 400 கிராம் டின் பன்னிரண்டு வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் புரதம் 8%, கொழுப்பு 5%, நார் 1.5%, ஈரம் 80% என்று போட்டிருக்கிறது. பழைய உலர் உணவில் புரதம் 24%. மூன்றில் ஒரு பங்குச் சத்துக்கு இவ்வளவு விலையா? சேர்மானங்கள்: கோழி, கோழிச் சாறு, கோழி ஈரல், பட்டாணி, பட்டாணிப் புரதம், கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு மாவு, பட்டாணி நார், குவார் கம், காரஜீனன், வைட்டமின்கள், தாதுக்கள்.

பதில்: லேபிளை முழுவதும் எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. பெரும்பாலானவர்கள் டின்னின் முன்பக்கப் படத்தை மட்டும் அனுப்பி 'இது நல்லதா?' என்று கேட்கிறார்கள்.

புரதக் கணக்கில் நீங்கள் ஏமாறவில்லை. தண்ணீர்தான் கண்ணைக் கட்டுகிறது. 100 கிராம் டின் உணவில் 80 கிராம் ஈரம். மிஞ்சும் 20 கிராமில் புரதம் 8 கிராம், அதாவது 40%. உலர் உணவில் ஈரம் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மிஞ்சும் 90 கிராமில் புரதம் 24 கிராம், ஏறத்தாழ 27%. இரண்டு உணவுகளை ஒப்பிடும்போது இப்படி நீரைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் தீவனத் தரங்களை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு, உலர்நிலையில், அதாவது இப்படி நீரைக் கழித்த கணக்கில், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18%, குட்டிக்கு 22.5% புரதம் வேண்டும் என்கிறது. உங்கள் டின் அதைத் தாராளமாகத் தாண்டுகிறது.

என் கண் நின்றது கொழுப்பில். 5% என்றால் சிறியதாகத் தெரிகிறது. உலர்நிலையில் அது 25%. லேபிளில் மாவுச்சத்தைப் போடுவதில்லை, நாமே கழித்து எடுக்க வேண்டும். ஈரம், புரதம், கொழுப்பு, நார் நான்கையும் கூட்டினால் 94.5. தாதுக்களுக்குச் சுமார் 2 ஒதுக்கினால் மாவுச்சத்து 3.5. இனி கலோரி. புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 3.5, கொழுப்புக்கு 8.5 கிலோ கலோரி என்று பெருக்கினால் 100 கிராமுக்கு 83 வருகிறது. அதில் பாதிக்கும் சற்று அதிகமாகக் கொழுப்பிலிருந்தே வருகிறது. முன்பு கணைய அழற்சி வந்த நாய்க்கோ, ஏற்கெனவே குண்டாக இருக்கும் நாய்க்கோ இதை நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். லேபிளில் புரதமும் கொழுப்பும் 'குறைந்தபட்சம்' என்றே அச்சாகியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். உள்ளே இருப்பது அதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம்.

ஒரு டின்னுக்குச் சுமார் 330 கிலோ கலோரி. கருத்தடை செய்த 28 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,300 தேவை. எனவே இதை மட்டுமே கொடுத்தால் தினம் நான்கு டின். நீங்கள் வாங்கிய பன்னிரண்டும் மூன்றே நாளில் தீர்ந்துவிடும். கடையில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை.

இப்போது 'தானியம் இல்லை' என்ற சொல்லுக்கு வருவோம். நம் வீட்டு நவதானியத் தட்டை நினைத்துப் பாருங்கள். நெல்லும் கோதுமையும் போக, துவரை, உளுந்து, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, கொள்ளு என்று பெரும்பகுதி பயறுகள்தான்; கூட எள் ஒன்று. நம் பாட்டிமார் கணக்கில் இவை எல்லாமே தானியம். தீவன நிறுவனங்களின் கணக்கிலோ அரிசி, கோதுமை, சோளம் போன்ற புல்லினங்கள் மட்டுமே தானியம். அரிசியை எடுத்த இடத்தில் பட்டாணியும் கடலையும் உருளைக்கிழங்கும் மரவள்ளியும் வந்து உட்கார்ந்தால், 'கிரெயின் ஃப்ரீ' என்று போட்டுக்கொள்ளத் தடையில்லை. மாவுச்சத்து குறைவு என்ற பொருளும் அந்தச் சொல்லுக்குக் கிடையாது. உங்கள் டின்னில் அது குறைவாக இருப்பது உண்மைதான். அதே 'கிரெயின் ஃப்ரீ' பெயருடன் வரும் உலர் உணவுகள் பலவற்றில் மாவுச்சத்து ஏராளமாக இருக்கும்.

சேர்மானப் பட்டியல், உணவு தயாரிக்கும்போது போட்ட எடையின் இறங்குவரிசையில் எழுதப்படுவது. கோழி முதலில் நிற்கிறது. ஆனால் பச்சைக் கோழியில் ஏறத்தாழ எழுபது சதவீதம் தண்ணீர். பட்டாணிப் புரதத்தில் நீர் மிகக் குறைவு. உங்கள் பட்டியலில் பட்டாணி எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்: பட்டாணி, பட்டாணிப் புரதம், பட்டாணி நார். ஒரே பொருளை மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடுகிறது. மூன்றையும் சேர்த்து எழுதினால் எந்த இடத்தில் நிற்கும் என்பது நிறுவனத்துக்கு மட்டுமே தெரியும். 40% புரதத்தில் ஒரு பங்கு கோழியிலிருந்து வரவில்லை, பட்டாணியிலிருந்து வருகிறது என்பது மட்டும் உறுதி.

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். டின்னைத் திறக்கும் நாளில் தட்டில் கொட்டி ஒரு துண்டை எடுத்துப் பிட்டுப் பாருங்கள். நார் நாராகப் பிரிந்தால் தசை. அல்வாத் துண்டு போல வழவழவென்று வெட்டுப்பட்டால், அரைத்து, பசை சேர்த்து, வடிவம் கொடுத்து வேகவைத்தது. இரண்டாவது வகை கெட்டது என்று சொல்லவில்லை. முன்பக்கப் படத்தில் இருக்கும் கோழித் துண்டும் இதுவும் ஒன்றல்ல, அவ்வளவுதான்.

பயறு அதிகமுள்ள உணவைப் பற்றி ஒரு எச்சரிக்கை உண்டு. இதயத் தசை தளர்ந்து இதய அறைகள் விரியும் நோய்க்கும் இத்தகைய உணவுகளுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆராய்வதாக 2018 ஜூலையில் அறிவித்தது. 2014 தொடக்கம் முதல் 2019 ஏப்ரல் வரை நாய்கள் பற்றி 515 புகார்கள் வந்திருந்தன. அவற்றில் குறிப்பிடப்பட்ட உணவுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தானியமற்றவை. பட்டாணியோ மைசூர் பருப்போ சேர்ந்தவையும் அதே அளவு. லாப்ரடார்களும் அந்தப் பட்டியலில் கணிசமாக இருந்தன. ஆனால் புகார்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் காரணத்தை நிறுவ முடியாது என்று 2022 டிசம்பரில் அதே நிர்வாகம் சொல்லிவிட்டது. மேலும், புகார்களில் மிகப் பெரும்பாலானவை உலர் உணவைப் பற்றியவை. ஆகவே பயந்து டின்னைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மருத்துவக் காரணம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இதையே கொடுக்கவும் வேண்டியதில்லை. கொடுத்துவரும் நாய்க்குச் சோர்வு, இருமல், மயங்கி விழுதல் இருந்தால் இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்வேன்.

குவார் கம், காரஜீனன் என்ற பெயர்களைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். முன்னது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பசை. பின்னது கடற்பாசியிலிருந்து வருவது. அதற்கான பாசியை நம் ராமநாதபுரம் கடலோரத்துப் பெண்களும் வளர்க்கிறார்கள். குழம்பு கெட்டியாக இருக்கச் சேர்க்கும் பொருள்கள் இவை. மிகக் குறைந்த அளவே சேர்ப்பார்கள். வயிறு இளகும் நாயாக இருந்தால் மட்டும் கவனியுங்கள்.

பசையைப் பார்ப்பதற்குப் பதிலாக, டின்னின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரியைத் தேடுங்கள். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று இருந்து, எந்த வயது நாய்க்கு என்பதும் எழுதியிருந்தால் அது முழு உணவு. 'சப்ளிமென்டல்' என்றோ, ஐரோப்பிய டின்களில் 'காம்ப்ளிமென்டரி' என்றோ இருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டுமே. எவ்வளவு இறைச்சி இருந்தாலும் அதையே சாப்பாடாக்கினால் நாளடைவில் கால்சியம் முதல் பல சத்துகள் குறைந்துபோகும். உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, இந்த வரி மட்டும் இல்லை. நான் முதலில் படிப்பது இதைத்தான்.

இனி அரிப்பு. கடைக்காரர் நோயறிந்து சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நாய்களில் உணவு ஒவ்வாமைக்கு அதிகம் காரணமாகப் பதிவானவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி. அவற்றுக்குப் பிறகுதான் கோதுமை. அரிசி மிக அரிது. உங்கள் நாய் நான்கு ஆண்டுகளாகச் சாப்பிட்டது கோழி. இந்த டின்னில் முதல் மூன்று பொருளும் கோழி. ஒருவேளை கோழிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அரிசியை மட்டும் நிறுத்திவிட்டுக் கோழியைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

உணவைத் தொடுவதற்கு முன் உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கான மருந்தைத் தவறாமல் மாதாமாதம் கொடுங்கள். காதிலிருந்து பஞ்சில் எடுத்த அழுக்கை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் தொங்கு காது நாய்களுக்குப் பூஞ்சைத் தொற்று சர்வ சாதாரணம். வீட்டுத் தூசியும் மகரந்தமும்கூடப் பாதம் நக்கவைக்கும். இவை எல்லாம் விலகிய பிறகும் அரிப்பு நின்றபாடில்லை என்றால்தான் உணவுச் சோதனை. எட்டு வாரம், இதுவரை நாய் தொட்டிராத ஒரே ஓர் இறைச்சி, கூட ஒரே ஒரு மாவுப்பொருள். பன்றியிறைச்சியும் சர்க்கரைவள்ளியும் என்று வைத்துக்கொள்ளலாம். அளவை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிதைத்த புரதம், அதாவது ஒவ்வாமையைத் தூண்டாதபடி சிறு துண்டுகளாக உடைத்த புரதம் கொண்ட மருத்துவ உணவு கிடைத்தால் இன்னும் எளிது. அந்த எட்டு வாரமும் பிஸ்கட் கூடாது, தாத்தா கையால் ஒரு வாய் தயிர்ச்சோறு கூடாது, இறைச்சிச் சுவையூட்டிய குடற்புழு மாத்திரையும் கூடாது. அரிப்பு அடங்கிய பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, இரண்டு வாரத்துக்குள் அரிப்பு மீண்டும் வருகிறதா என்று பார்ப்பதுதான் முடிவு. ரத்தப் பரிசோதனையில் உணவு ஒவ்வாமை தெரியும் என்று யாராவது சொன்னால் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு டின்களையும் உணவுச் சோதனை முடியும்வரை திறக்க வேண்டாம். இப்போதே எடுத்து ஒவ்வொன்றின் மூடியும் அடியும் உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உப்பியது ஒன்று இருந்தாலும் அதைக் கொடுக்காதீர்கள், கடைக்காரரிடம் திருப்பிவிடுங்கள். கோழி ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்தால், வழக்கமான உணவோடு ஒரு நாளைக்கு 150 கிராம் வரை சேர்த்துக் கொடுங்கள். அந்த அளவுக்கு உலர் உணவைக் குறைத்துக்கொள்ளுங்கள். திறந்த டின்னில் மிஞ்சியதை மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். கோழிதான் எதிரி என்று தெரிந்தால், பன்னிரண்டையும் கோழி ஒத்துக்கொள்ளும் வேறு நாய் இருக்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.