தரம் 7 படிக்கும் மகன் வீட்டுப்பாடத்தைத் தொடுவதே இல்லை. பாடம் சொல்லிக்கொடுக்க எங்களுக்கும் தெரியாது. எப்படிப் பழக்குவது?

தலவாக்கலைப் பக்கம், தாய் தகப்பன் இருவரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை, மகன் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தவன், இப்போது கொப்பியைத் திறக்கவே மாட்டேன் என்கிறான், அடித்தும் பார்த்தாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஹட்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருடமாக தரம் 7, 8 பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். நானும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்த பிள்ளைதான். அடிப்பதை இன்றோடு விடுங்கள். "எங்களுக்குப் பாடம் தெரியாதே" என்ற கவலையையும் விட்டுவிடுங்கள், அது இதற்குத் தேவையே இல்லை.

என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது, இலக்கம் தெரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தன் நிறை எத்தனை கிலோ, அதில் எவ்வளவு கழித்தார்கள் என்று பார்த்துப் பார்த்தே பழகிய இலக்கம். மாலையில் வந்து கை கால் கழுவியதும் என் கொப்பியைத்தான் கேட்பார். பக்கத்தின் மேலே இருக்கும் திகதியில் விரலை வைப்பார். "இன்னைக்கு பதினாலு. இங்க பன்னெண்டுல நிக்குதே. ரெண்டு நாளா டீச்சர் வரலையா?" விசாரணை அவ்வளவுதான். கொழுந்துக் கறை எவ்வளவு தேய்த்தாலும் விரலை விட்டுப் போகாது, அதுவும் கை ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். என் தரம் 8 கணிதக் கொப்பியில் முக்கால்வாசித் திகதிகளுக்குப் பக்கத்தில் ஒரு கருத்த அடையாளம் இருக்கும். ஒருமுறை பழைய கணக்கையே புதுத் திகதி போட்டு எழுதி ஏமாற்றினேன். அம்மா கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இரண்டாம் முறை எழுதியதில் அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

உங்கள் மகன் மாறிவிட்டான் என்று நினைக்கிறீர்கள். அதைவிட அதிகமாக மாறியது அவனுடைய பள்ளிக்கூடம். தரம் 5 வரை ஒரு வகுப்பாசிரியர், ஒரு பரீட்சை, வீடே அதைச் சுற்றி ஓடியது. தரம் 6க்குப் போனதும் கணிதத்துக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர், வரலாற்றுக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் வேறு வேறு ஆட்கள். மற்றவர் என்ன கொடுத்தார் என்று யாருக்கும் தெரியாது (எங்கள் ஆசிரியர் அறையில் நாங்கள் அதைப் பேசுவதும் குறைவு, ஒத்துக்கொள்கிறேன்). ஒரு நாளைக்கு நான்கு பாடத்தில் வேலை, அடுத்த நாளைக்கு ஒன்றும் இல்லை. வீட்டிலோ "புலமைப்பரிசில் முடிஞ்சிருச்சு, இனி சாதாரண தரப் பரீட்சைக்குப் பாத்துக்கலாம்" என்று எல்லோரும் மூச்சு விட்டிருப்பார்கள். பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் குழப்பத்தைத் தானே ஒழுங்குபடுத்தத் தெரியாது.

அதனால் முதல் வாரம் "செய்தாயா?" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கு என்னென்ன கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள். பாதி நாள் அவனுக்கே தெரியாது என்பது வெளியே வரும். ஒரு சின்னக் கொப்பி வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு பாடம் முடியும்போதும் பாடத்தின் பெயர், பக்க எண், எப்போது கொடுக்க வேண்டும் என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். வேலை இல்லாத பாடத்துக்கும் "இல்லை" என்று எழுத வேண்டும். வெறுமையாக விட்டால் மறந்தானா, வேலையே இல்லையா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பையன் தொடர்ந்து வீட்டுப்பாடம் இல்லாமல் வந்தான். எப்போதாவது செய்துகொண்டு வந்தாலும் கணக்கில் இலக்கங்கள் மாறியிருக்கும், 36 இருந்த இடத்தில் 86. கவனமில்லை என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன், அதுவும் பல நாள். ஒரு மழை நாளில் பிள்ளைகள் குறைவாக வந்ததால் எல்லோரையும் முன் வாங்குக்குக் கூப்பிட்டேன். அன்றைக்கு அவன் ஒரு இலக்கம் பிசகாமல் எழுதினான். கடைசி வாங்கிலிருந்து அவனுக்குக் கரும்பலகை தெரிந்ததே இல்லை, பக்கத்துப் பையனைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான். கண்ணாடி போட்ட பிறகு அவனுக்கும் எனக்கும் சண்டையே இல்லை. உங்கள் மகன் தரம் 7 என்பதால் சொல்கிறேன், அந்த வகுப்பில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும். அன்றைக்கு லீவு போட விடாதீர்கள்.

அடுத்து நேரம். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறது. நடந்தோ பஸ்ஸிலோ வந்து சேர இரண்டரை ஆகும். நீங்கள் வர ஐந்தாகிவிடும். அந்த இரண்டரை மணித்தியாலத்தில் அவன் தானாக உட்கார்ந்து படிப்பான் என்று நம்பாதீர்கள். பசியோடு வந்தவன் சாப்பிடட்டும், விளையாடட்டும். "ஆறு மணிக்குப் படி" என்று மணிக்கூட்டைக் காட்டுவதும் பெரும்பாலும் நிற்காது, ஏனென்றால் ஆறு மணிக்கு ஒவ்வொரு நாளும் வேறு வேறு வேலை இருக்கும். எந்த நாளும் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். எங்கள் வீட்டில் அது ரொட்டி. அம்மா மா பிசைய உட்கார்ந்தால் நான் கொப்பி திறக்க வேண்டும். ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து முடியும் வரை எழும்பக்கூடாது. யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, மாவில் தண்ணீர் ஊற்றும் சத்தம் போதும். 2022 மின்வெட்டுக் காலத்தில் கரண்ட் போகும் நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது அல்லவா? அந்த மாதங்களில் என் வகுப்பில் வழக்கமாகச் செய்யாத சில பிள்ளைகளும் செய்துகொண்டு வந்தார்கள். "கரண்ட் போறதுக்குள்ள முடிச்சிரு" என்று வீட்டில் ஒரு எல்லை இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இடத்துக்கு மேசை கதிரை தேட வேண்டாம். கட்டில் மட்டும் கூடாது. நம் ஊர்க் குளிரில் போர்வைக்குள் கால் போய்விட்டால் பத்து நிமிடத்தில் தூக்கம்தான். அடுப்படியில் புகை வராத பக்கமாக ஒரு பலகையைப் போட்டு, தலைக்கு மேல் நல்ல வெளிச்சமாக ஒரு பல்பு மாட்டுங்கள். சூடும் இருக்கும், நீங்களும் பக்கத்தில் இருப்பீர்கள்.

எவ்வளவு நேரம் என்றால், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பல வருடம் ஆராய்ந்த உளவியல் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பர் ஒரு கணக்குச் சொல்வார்: வகுப்புக்குப் பத்து நிமிடம். தரம் 7க்கு 70 நிமிடம். இந்த வயதில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போனால் பலன் கூடுவதில்லை என்பதும் அவர் பார்த்ததுதான். இருபது இருபத்தைந்து நிமிடமாக மூன்று முறை, நடுவில் எழும்பி ஒரு தேத்தண்ணி. முதலில் கஷ்டமான பாடம். சிங்களம் உங்கள் வீட்டில் யாருக்கும் வராது என்றால் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் லயத்தில் மேல் வகுப்புப் படிக்கும் ஒரு அக்காவிடம் வாரத்தில் இரண்டு நாள் அனுப்புங்கள். கிழமை முழுவதும் டியூஷன் போட்டிருந்தால் ஒன்றைக் குறைக்கத்தான் சொல்வேன். டியூஷன் வீட்டுப்பாடமும் சேர்ந்தால் 70 நிமிடம் எங்கே காணும்?

பஸ்ஸில் கூட்டாளியின் கொப்பியைப் பார்த்து எழுதுவது எங்களுக்கும் தெரியும், ஒரே பிழை பத்துக் கொப்பியில் வரிசையாக வரும். அதைப் பிடிக்க உங்களுக்குக் கணிதம் தெரிய வேண்டியதில்லை. எழுதி முடித்த கொப்பியை மூடி வாங்கிக்கொண்டு, "இதுல ஒரு கணக்கை இந்தத் தாள்ல மறுபடி போடு" என்று சொல்லுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும். பார்த்து எழுதியவன் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுவான். பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்து எழுதும்போதுதான் பாடம் நன்றாகப் பதிகிறது என்பதால், செய்தவனுக்கும் இதில் லாபம்.

போன் விஷயம் சுருக்கமாக. கொரோனாக் காலத்தில் தொடங்கிய வாட்ஸ்அப் வீட்டுப்பாடம் இன்னும் சில வகுப்புகளில் ஓடுகிறது. வந்த படத்தைப் பார்த்துச் சின்னக் கொப்பியில் எழுதிக்கொள்ள ஐந்து நிமிடம் கொடுங்கள், பிறகு போன் அப்பாவின் சட்டைப் பைக்குப் போகட்டும்.

முதல் இரண்டு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், வயிற்று வலி கூட வரும். ரொட்டி நேரத்தை மட்டும் விடாமல் பிடியுங்கள், வேலை அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. ஒன்பதரைக்கு மேல் எழுத விடாதீர்கள். முடியாத இடத்தில் ஒரு கோடு போட்டு, நீங்கள் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். என் வகுப்பில் அப்படி ஒரு கோட்டோடு வரும் கொப்பிகள் உண்டு. ஒரு தாய் கையெழுத்து வராததால் கோட்டுக்குப் பக்கத்தில் மணியை மட்டும் எழுதி அனுப்புவார்: 9.30. மிச்சக் கணக்கை அந்தப் பிள்ளையோடு இடைவேளையில் உட்கார்ந்து நானே போட்டு முடிப்பேன்.