கழுத்துக் குழாயும் ரத்தத் தொற்றும்: கணக்கு உண்டா?

கேள்வி: தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த என் தந்தைக்குக் கழுத்தில் போட்டிருந்த குழாய் வழியாக ஆறாம் நாள் ரத்தத்தில் தொற்று ஏற்பட்டதாகச் சொன்னார்கள். இப்படி எத்தனை பேருக்கு நேர்கிறது என்று மருத்துவமனைகள் கணக்கு வைப்பதுண்டா? ‘எங்களிடம் ஒன்றுகூட இல்லை’ என்று சொல்லும் மருத்துவமனையை நம்பலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கணக்கு வைப்பதுண்டு. தொற்று வந்தவர்களை மட்டும் எண்ணினால் அது கணக்காகாது. எத்தனை பேருக்கு எத்தனை நாள் குழாய் இருந்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் செவிலியர் ஒருவர் படுக்கை படுக்கையாகப் போய், ‘சென்ட்ரல் லைன்’ எனப்படும் இக்குழாய் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பதிவேட்டில் குறிப்பார். ஒருவருக்கு இரண்டு குழாய்கள் இருந்தாலும் அன்றைக்கு ஒன்று என்றே கணக்கு. மாதக் கடைசியில் கிடைக்கும் கூட்டுத்தொகையே ‘குழாய் நாட்கள்’. 500 குழாய் நாட்களில் 2 தொற்று என்றால் ஆயிரத்துக்கு 4. 100 நாட்களில் ஒன்றே ஒன்று என்றாலும் ஆயிரத்துக்கு 10. ஆகவே, ‘எங்களிடம் ஒருவருக்குத்தான் வந்தது’ என்பதை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

எதைத் தொற்றென்று எண்ணுவது என்பதற்கும் வரையறை உண்டு. குழாய் இரண்டு நாட்களுக்கு மேல் உடலில் இருந்திருக்க வேண்டும்; ரத்தக் கல்ச்சரில், அதாவது ரத்த மாதிரியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், கிருமி வளர்ந்திருக்க வேண்டும்; அக்கிருமி நுரையீரலிலிருந்தோ சிறுநீர்ப் பாதையிலிருந்தோ வந்ததாக இருக்கக் கூடாது. தோலில் இயல்பாக வாழும் கிருமியாக இருந்தால், தனித்தனியே எடுத்த இரண்டு மாதிரிகளிலும் அது வளர வேண்டும். இல்லாவிட்டால் ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டதையும் நோயென்று எழுத நேரிடும். நம் நாட்டில் தில்லி எய்ம்ஸும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் இணைந்து நடத்தும் கண்காணிப்பில் பல மருத்துவமனைகள் ஒரே வரையறையின்படி எண்ணுகின்றன.

எண்ணுவதால் என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் கணக்கை வைத்து 2006இல் வெளியான ஆய்வின்படி, சராசரி விகிதம் ஆயிரம் குழாய் நாட்களுக்கு 7.7 என்பதிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் 1.4 ஆகக் குறைந்தது. அங்கே செய்தவை ஐந்து: கை கழுவுதல், குழாய் போடும்போது முழு உறையாடை அணிந்து நோயாளியையும் முழுமையாக மூடுதல், குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி கொண்டு தோலைத் துடைத்தல், இயன்றவரை தொடைப் பகுதியில் குழாய் போடுவதைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை எடுத்துவிடுதல். இவற்றில் விலை உயர்ந்த மருந்து ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி அந்த ‘ஒன்றுகூட இல்லை’ என்னும் பேச்சு. நல்ல கவனிப்பால் பல மாதங்கள் தொற்றே இல்லாமல் இருப்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் காய்ச்சல் கண்டதும் ரத்தம் எடுக்காமல் முதலில் ஆன்டிபயாடிக்கைச் செலுத்திவிட்டால், பிறகு எடுக்கும் கல்ச்சரில் கிருமி வளராமலே போகலாம். நோயாளிக்குத் தொற்று இருந்தும் பதிவேட்டில் பூஜ்யம் விழும். அதனால் என்னைக் கேட்டால், ‘ஆயிரத்துக்கு இரண்டு’ என்று தன் கணக்கைக் காட்டும் மருத்துவமனையையே, பதிவேடே காட்டாமல் பூஜ்யம் என்பதைவிட அதிகம் நம்புவேன். அங்கே நீங்கள் கேட்க வேண்டியது, சென்ற மாதம் எத்தனை குழாய் நாட்கள், எத்தனை ரத்தக் கல்ச்சர்கள் என்பதுதான்.