வெளிநாட்டுப் பசங்க ஜெயிச்சா அது ஜெயிப்பு இல்லையா?

கேள்வி: அமெரிக்க காலேஜ் கால்பந்து தேசிய சாம்பியன்ஷிப்பை 2024ல வெர்மான்ட் யுனிவர்சிட்டி ஜெயிச்சது. ஃபைனல்ல ரெண்டு கோலும் ஜெர்மனி, ஹங்கேரிப் பசங்க போட்டது. வெளிநாட்டுக்காரங்களை வச்சு ஜெயிக்கறதெல்லாம் ஒரு ஜெயிப்பா?

பதில்: வெளிநாட்டுக்காரங்களா? இந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு ஹோவர்டுதான் ஞாபகம் வரும். வாஷிங்டன்ல இருக்கற கறுப்பின மக்களோட யுனிவர்சிட்டி, கோச் லிங்கன் ஃபிலிப்ஸ் டிரினிடாட்காரர், டீம்ல கரீபியன் பசங்களும் ஆப்பிரிக்கப் பசங்களும். எதிர்ல செயின்ட் லூயிஸ், 1959ல போட்டி ஆரம்பிச்சதுல இருந்து 12 வருஷத்துல 8 தடவை கப்பு தூக்கின டீம். 1971 ஃபைனல்ல மயாமில வச்சு அவங்களை 3-2ன்னு சாய்ச்சாங்க. என்ன ஆச்சு தெரியுமா? காலேஜ் விளையாட்டை நடத்தற அமைப்பான என்சிஏஏ விசாரணை போட்டு 1973ல பட்டத்தையே பிடுங்கிடுச்சு.

மார்க் விதி அது இதுன்னு வேற காரணமும் சொன்னாங்க, ஆனா என் வயிறு எரியறது ஒரு விதிக்குத்தான்: 19 வயசுக்கு அப்புறம் வெளிநாட்டுப் பையன் அவன் ஊர் கிளப்புல ஆடியிருந்தா அவன் காலேஜ்ல ஆடக்கூடிய வருஷக் கணக்குல இருந்து அந்த வருஷத்தைக் கழிச்சிடுவாங்க, அமெரிக்கப் பையன் அவன் ஊர் கிளப்புல ஆடினா கழிக்க மாட்டாங்க. கோர்ட்டே இந்த விதி அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு அடிச்சுப் போட்டுச்சு, மத்த விதிகள் செல்லும்னுட்டாங்க, கப்பு மட்டும் திரும்பி வரல. அது அநியாயம், இன்னைக்கும் அநியாயம். ஹோவர்டு பசங்க 1974ல மறுபடி வந்தாங்க, அந்த சீசன்ல 19 மேட்ச், 19லயும் ஜெயிப்பு, ஃபைனல் செயின்ட் லூயிஸ் ஊர்லயே, அதே டீமோட, நாலாவது எக்ஸ்ட்ரா டைம் வரைக்கும் இழுத்து 2-1.

வெர்மான்டுக்கு வாங்க. ஃபைனல்ல மார்ஷல் யுனிவர்சிட்டிக்கு எதிரா 81வது நிமிஷம் வரைக்கும் 0-1. ஹங்கேரிப் பையன் பாப் சமன் பண்ணினாரு. எக்ஸ்ட்ரா டைம்ல ஒரு நீளமான பந்து, ஜெர்மனிப் பையன் கிஸ்ஸல் டிஃபெண்டரை உதறிட்டு ஓடறாரு, கோல்கீப்பர் போஸ்ட்டை விட்டு எங்கயோ முன்னாடி வந்துட்டாரு, அவரைத் தாண்டித் தட்டிவிட்டு காலியா கிடந்த கோலுக்குள்ள உருட்டிவிட்டாரு. அந்த ஓட்டத்தைப் பாத்துட்டு பாஸ்போர்ட் கேக்க உங்களுக்கு எப்படி மனசு வருது?

கேக்காமலே இன்னொண்ணு சொல்றேன், இதே பக்கத்துல இதுக்காக எத்தனையோ பேர்கிட்ட திட்டு வாங்கியிருக்கேன். காலேஜ் மேட்ச்ல கடிகாரம் 45ல இருந்து சைபருக்கு இறங்கும், கோல் விழுந்தா நிறுத்துவாங்க, எவ்வளவு நேரம் பாக்கின்னு மைதானத்துக்கே தெரியும். ஐரோப்பா ரசிகர்கள் இதைப் பாத்து சிரிக்கறாங்க. சிரிக்கட்டும். ஃபிஃபா இதை எடுத்துக்கிட்டா, கடைசி அஞ்சு நிமிஷம் காலைப் பிடிச்சுக்கிட்டு புல்லுல உருள்ற கூத்து பாதியாவது குறையும்.