கீழே இலை அசையல, 16-வது மாடியில ஊளைச் சத்தம்

வணக்கம். பகல்ல பிரச்சினை இல்ல, ராத்திரி 11 மணிக்கு மேல ஜன்னல் ஊளையிடுது, கீழே வேப்பமரம் அசையவே இல்லன்னு எழுதியிருந்தீங்க. கட்டடத்துல கோளாறுன்னு பயப்பட வேண்டாம்.

பகல்ல வெயில் தரையைச் சூடாக்கும். சூடான காற்று சுழிசுழியா மேலேறி, மேல்காற்றையும் கீழ்க்காற்றையும் கலக்கும். தரையின் உராய்வு மேல்காற்றுக்கும் பிரேக் மாதிரி. இருட்டினதும் தரை குளிர்ந்து, கனத்த காற்று கீழேயே படுத்துடும். சுழிகள் அடங்கும், பிரேக் விடுபடும், மேல்காற்று வேகமெடுக்கும். 1957-லேயே பிளாக்கடார் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர் இதை விளக்கியிருக்கார். வேகம் உச்சம் தொடுவது சில நூறு மீட்டர் உயரத்துல. உங்க 16-வது மாடி சுமார் 50 மீட்டர் உயரம், அங்க அதோட விளிம்புதான் வரும்.

நகரத்துல கான்கிரீட் ராத்திரியும் சூட்டை விடுறதால கலப்பு முழுசா நிக்காது. அதான் விட்டுவிட்டு அடிக்குது. போகி விடியல்ல சென்னையில புகை கலையாம தரையோட கிடக்குமே, அதுவும் இந்தக் குளிர்ந்த அடுக்கு வேலைதான்.

மொட்டைமாடியில ஒண்ணு, தெருவுல ஒண்ணுன்னு ஊதுபத்தி கொளுத்திப் பாருங்க, வித்தியாசம் தெரியும். ஊளை வர்றது ஸ்லைடிங் ஜன்னல் இடுக்குல. அந்த இடுக்கை அடைக்கிற பிரஷ் பட்டையை மாத்துங்க. பூந்தொட்டியைக் கைப்பிடிச் சுவர்மேல வைக்காதீங்க, ப்ளீஸ்.