சஃபோக் டியூக்குகள்: கல்லறை வழியே ஒரு குடும்பம்

இங்கிலாந்தின் டி லா போல் குடும்பம் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: இவர்கள் பரம்பரைப் பிரபுக்களா?

பதில்: இல்லை, ஹல் துறைமுகத்துக் கம்பளி வியாபாரிகள். மூன்றாம் எட்வர்டுக்குப் போர்ச்செலவுக்குக் கடன் கொடுத்து மேலே வந்தவர்கள். அப்படிக் கடன் கொடுத்தவரின் மகன் மைக்கேல் 1385இல் சஃபோக் ஏர்ல் (டியூக்குக்குக் கீழே உள்ள பிரபுப் பட்டம்) ஆனார். பணம் அப்பாவுடையது. ஆனால் சஃபோக்கில் காலூன்ற விங்ஃபீல்ட் நிலத்தைக் கொண்டுவந்தவர் மைக்கேலின் மனைவி கேதரின்.

கேள்வி: இந்தக் குடும்பத்து மருமகள் ஆலிஸ் சாஸருக்கு மூன்று கணவர்கள். கல்லறை மட்டும் ஏன் யூவெல்ம் கிராமத்தில்?

பதில்: அது அவருடைய அம்மா மாட் பர்கெர்ஷ் வழி வந்த ஊர். முதல் கணவர் 1415இல் இறந்தார். இரண்டாமவர் சாலிஸ்பரி ஏர்ல், 1428இல் ஆர்லியன் முற்றுகையில் பலியானார். மூன்றாமவர் சஃபோக் டியூக் வில்லியம் டி லா போல். 1450இல் நாடு கடத்தப்பட்டுப் போகும் வழியில் கடலிலேயே தலையை வெட்டிவிட்டார்கள். கணவர்கள் போனார்கள், ஊர் நின்றது.

கேள்வி: அங்கே ஆலிஸின் அப்பா தாமஸின் கல்லறையில் சக்கரச் சின்னம் பார்த்தேன். கவிஞர் ஜெஃப்ரி சாஸரின் மகனுக்கு ஏன் சக்கரம்?

பதில்: நல்ல கண்! அது தாமஸின் அம்மா பிலிப்பாவின் ரோயட் குடும்பச் சின்னம். பிலிப்பாவின் சகோதரி கேதரின் ஸ்வின்ஃபோர்ட், இளவரசர் ஜான் ஆஃப் கான்ட்டின் மனைவி. கவிஞர் மகன் என்பதைவிட அரண்மனைச் சொந்தம் என்பதுதான் அன்று எடுபடும்.

கேள்வி: கணவன், மனைவி இருவர் குடும்பச் சின்னங்களையும் பாதிப் பாதியாகப் பிரித்துக் காட்டும் கேடயத்தில் கணவர் சின்னம் எது?

பதில்: பார்ப்பவருக்கு இடப்பக்கம் இருப்பது.

கேள்வி: நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அலபாஸ்டர் என்ற வெண்ணிற மென்கல்லில் செதுக்கிய ஆலிஸின் சிலை. இடது முன்கையில் கார்ட்டர் என்ற இங்கிலாந்தின் உயரிய அரச விருதின் பட்டை கட்டியிருக்கும். மேலே கும்பிட்ட கையோடு சீமாட்டி. கீழே கல் சாளரத்துக்குள் அதே ஆலிஸ், எலும்பும் தோலுமாய்ப் பிணமாக. பிணத்துக்கு மேலே உள்ள கூரையில் மரியாளுக்கு வானதூதர் சேதி சொல்லும் ஓவியம் இருக்கிறது. தரையில் படுத்தால்தான் தெரியும். பழைய சட்டையோடு போங்கள்.

கேள்வி: வாரிசின் வயதுக்கு எதை நம்பலாம்?

பதில்: நிலக்காரர் இறந்ததும் அரசர் ஆட்கள் நடத்திய விசாரணைப் பதிவு. நிலம், வாரிசு இரண்டையும் சொல்லும். அதில் ‘21க்கு மேல்’ என்றிருந்தால் 21 என்று எழுதிவிடாதீர்கள், 40ஆகவும் இருக்கலாம்.

கேள்வி: அப்புறம் குடும்பம் என்ன ஆனது?

பதில்: ஆலிஸின் மகன் ஜான், யார்க் வம்ச அரசர் நான்காம் எட்வர்டின் தங்கை எலிசபெத்தை மணந்தார். விங்ஃபீல்ட் தேவாலயத்தில் இருவர் சிலையும் இருக்கிறது. அந்த யார்க் ரத்தம் தந்த அரியணை உரிமையே பிள்ளைகளுக்கு எமன்: மூத்தவர் 1487இல் ஸ்டோக் போரில் செத்தார், எட்மண்ட் தலை 1513இல் போயிற்று, ரிச்சர்ட் 1525இல் பாவியா போரில்.