பரிசு நோய்க்கா, நட்புக்கா?

கேள்வி: கடும் நோயையோ பிற துன்பத்தையோ நண்பர்களின் துணையோடு தாண்டி வந்த இளம் விளையாட்டு ரசிகர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுக்கு விருதும் சட்டையும் போட்டிக்கான நுழைவுச்சீட்டும் கொடுக்கும் அறக்கட்டளைகளைப் பற்றி வெளிநாட்டுச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறேன். அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு குழந்தைகளுக்கு மருந்து வாங்கித் தரலாமே? ஒரு குழந்தையின் துயரத்தைக் காட்டிக் கிளப்புகளும் நட்சத்திர வீரர்களும் நல்ல பெயர் வாங்கிக்கொள்வதைத் தவிர இதனால் யாருக்கு என்ன பயன்? (திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. மருந்துக்குப் போக வேண்டிய பணம் கொண்டாட்டத்துக்குப் போகிறது என்பது ஒன்று. குழந்தையின் துயரம் பெரியவர்களின் விளம்பரத்துக்குத் தீனியாகிறது என்பது மற்றொன்று. முதலாவதை நான் ஏற்கவில்லை. இரண்டாவதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் அதைக் கொண்டு நீங்கள் வந்து சேர்ந்திருக்கும் முடிவை ஏற்க முடியவில்லை.

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் மாவட்டத்தின் பிளாக்ஹால் காலியரி என்ற பழைய சுரங்க ஊரில் வளர்ந்த பிராட்லி லவுரி என்ற சிறுவனின் கதையை நீங்களும் படித்திருக்கக்கூடும். அவன் சண்டர்லாந்து கால்பந்து அணியின் ரசிகன். ஒன்றரை வயதில் அவனுக்கு நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. வளர்ந்து முடியாத நரம்புத் திசுக்களில் தோன்றி, பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையே தாக்கும் நோய் அது. சிகிச்சையால் ஒருமுறை தணிந்த நோய் 2016இல் திரும்பி வந்தபோது, நியூயார்க்கில் கிடைக்கும் சிகிச்சை ஒன்றுக்காக 7 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டப்பட்டது. அதைக் கொடுத்தவர்களில் பலர் அவனை நேரில் பார்த்தே இராத கால்பந்து ரசிகர்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் சண்டர்லாந்தை அதன் சொந்த மைதானத்திலேயே 3-0 என்று தோற்கடித்த எவர்ட்டன் கிளப், தன் பங்காக 2 லட்சம் பவுண்டு கொடுத்தது. ஆகவே, மருந்துக்கான பணமும் கொண்டாட்டத்துக்கான பணமும் ஒன்றையொன்று தின்பவை என்ற உங்கள் கணக்கு இந்த இடத்திலேயே பொருந்தவில்லை. எவர்ட்டனுடனான அந்த ஆட்டத்தில் சண்டர்லாந்து அணியை அழைத்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்த சிறுவனை ஆயிரக்கணக்கானோர் பார்த்ததும் மருந்துக்கான பணம் வர ஒரு காரணமானது.

அதற்குப் பின் நடந்தது இன்னும் முக்கியமானது. 2016 டிசம்பரில், நோய் முற்றிவிட்டது, இனி அதைத் தீர்க்க முடியாது என்று மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். கையில் பணம் இருந்தது. அதைக் கொண்டு வாங்குவதற்கு மருந்து இல்லை. இந்த நிலையில் ஐந்து வயதுக் குழந்தைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று நீங்கள் கருதுகிறீர்கள்? அவனுக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். டிசம்பர் 14 அன்று செல்சி அணியுடனான ஆட்டம் தொடங்கும் முன், அந்த அணியின் கோல்காப்பாளர் பெகோவிச்சை நிறுத்தி வைத்து அவன் பெனால்டி அடித்தான்; பந்து வலைக்குள் போனது. பிபிசியின் கால்பந்து நிகழ்ச்சி அந்த மாதத்தின் சிறந்த கோலாகத் தேர்ந்ததில் அவனுடைய கோலுக்கும் பங்கு தரப்பட்டது. உலகின் பல மூலைகளிலிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் மூட்டை மூட்டையாக அவன் வீட்டுக்கு வந்தன. இவை எல்லாவற்றையும்விட, ஜெர்மெய்ன் டெஃபோ என்ற வீரரின் நட்பு கிடைத்தது.

டெஃபோ அப்போது சண்டர்லாந்து அணிக்காகக் கோல்களைக் குவித்துக்கொண்டிருந்தவர். அணியை அழைத்துவரும் சிறுவனாகத் தன் கையைப் பிடித்து நடந்த பிராட்லியோடு அவருக்கு ஏற்பட்ட பழக்கம் அந்த ஒரு நாளோடு முடிந்துவிடவில்லை. மருத்துவமனைக்குப் போனார், படுக்கையில் அவனருகே படுத்து, அவன் உறங்கும்வரை இருந்தார். 2017 மார்ச்சில் இங்கிலாந்து அணிக்குத் திரும்ப அழைக்கப்பட்ட டெஃபோ, வெம்பிளி மைதானத்துக்குள் அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அன்று லிதுவேனியாவுக்கு எதிராகக் கோலும் அடித்தார். அந்த ஆட்டப் பருவத்தின் முடிவில் சண்டர்லாந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட, அவர் நாட்டின் தென்கோடியில் இருக்கும் போர்ன்மத் அணிக்கு மாறிப் போனார். புதிய கிளப், புதிய ஊர். பழைய ஊரின் சிறுவனை மறந்துவிட்டிருந்தால் யாரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். 2017 ஜூலை 7 அன்று பிராட்லி இறந்தான். அப்போது அவனுக்கு வயது ஆறு. புதிய அணியோடு பயிற்சி முகாமில் இருந்த டெஃபோ, அவனுடைய இறுதிச் சடங்குக்கு வந்து நின்றார். துக்கத்துக்கு வந்திருந்தவர்களில் பலர் கறுப்பு உடையை விடுத்துக் கால்பந்துச் சட்டை அணிந்திருந்தார்கள்.

இதை விளம்பரம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. விளம்பரத்துக்காக வருபவர் ஒரு முறை வருவார், படம் எடுத்துக்கொள்வார், போய்விடுவார்.

நோயுற்ற குழந்தைக்கு நட்பு ஏன் மருந்துக்கு அடுத்த தேவையாகிறது என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். கீமோதெரபி மருந்துகள் புற்றுநோய் அணுக்களோடு இரத்தத்தின் வெள்ளையணுக்களையும் குறைத்துவிடுகின்றன. சாதாரண சளிகூட ஆபத்தாகிவிடும் என்பதால், குழந்தையைப் பள்ளிக்கோ கூட்டம் கூடும் இடத்துக்கோ வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அனுப்ப முடிவதில்லை. வகுப்புத் தோழர்கள் முதல் வாரம் விசாரிப்பார்கள், இரண்டாவது மாதம் மறந்துவிடுவார்கள்; அதுவும் அவர்கள் குற்றமில்லை, அவர்களும் குழந்தைகள்தானே. முடி கொட்டிய தலையும் மூக்கில் செருகிய குழாயுமாகத் திரும்பி வரும் தோழனிடம் என்ன பேசுவது என்றே அவர்களுக்குத் தெரியாது. ஆனால் நேற்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேசலாம். படுக்கையில் கிடந்தபடி தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்த பையனும், மைதானத்தில் நின்று பார்த்த பையனும் ஒரே கோலுக்குக் குதித்தவர்கள். அந்தப் பேச்சில் இருவரும் சமம். விளையாட முடியாத குழந்தைக்கும் ரசிகனாக இருக்க முடியும் என்பதால்தான் இந்த அறக்கட்டளைகள் ரசிகர்களைத் தேடுகின்றன.

இந்த உண்மையை நன்றாக உணர்ந்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். மூளைக்கட்டியால் பாதிக்கப்பட்ட ஜாக்லின் என்ற சிறுமியை, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பெண்கள் லக்ராஸ் அணி 2005இல் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டது. லக்ராஸ் என்பது வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம். அந்த ஆண்டு ஒரு தோல்வியும் இல்லாமல் அந்த அணி தேசிய வாகையர் ஆனது. அந்த அனுபவத்திலிருந்து சிறுமியின் குடும்பத்தார் தொடங்கிய ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் ஜாக்லின்’ அறக்கட்டளை, புற்றுநோயுற்ற பிற குழந்தைகளையும் பள்ளி, கல்லூரி அணிகளோடு இணைத்துவைக்கிறது. 2011இல் பாஸ்டன் வட்டாரத்தில் தோன்றிய ‘டீம் இம்பாக்ட்’ இதே வேலையை விரிவாகச் செய்கிறது. கல்லூரி அணியில் சேரும் நாளில் வீரர்கள் எப்படி மேசை முன் அமர்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார்களோ, அப்படியே அந்தக் குழந்தையும் சட்டையும் தொப்பியும் அணிந்து கையெழுத்திடுகிறது. அதன்பின் பயிற்சிக்கு வருவதும், ஆட்ட நாளில் அணியின் இருக்கையில் அமர்வதும் அந்தக் குழந்தையின் உரிமை ஆகின்றன. வீரர்கள் மருத்துவமனைக்கும் பிறந்தநாளுக்கும் போகிறார்கள். மேடை, கோப்பை, கைத்தட்டல் எல்லாம் முதல் நாளோடு முடிகின்றன, உறவு அந்த நாளில்தான் தொடங்குகிறது. அறக்கட்டளை கொடுக்கும் பரிசு என்று நான் மதிப்பது இந்த வகையைத்தான்.

இனி உங்கள் இரண்டாவது குற்றச்சாட்டு. குழந்தையின் முகத்தை உலகத்தின் முன் வைப்பதில் ஆபத்து இருக்கிறது என்பதை நான் மறுக்கவே இல்லை. பிராட்லி இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 2023 செப்டம்பரில், ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணிக்கும் சண்டர்லாந்துக்கும் நடந்த ஆட்டத்தில், எதிரணி ரசிகர் ஒருவர் அவனுடைய படத்தைக் கைப்பேசியில் காட்டிச் சிரித்தார். நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அந்த ஷெஃபீல்டு அணியின் ரசிகர்களே வெட்கப்பட்டுப் பணம் திரட்டி, பிராட்லியின் பெயரிலுள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பண்பை நான் போற்றுகிறேன். ஆயினும் ஒரு தாய்க்கு அந்தப் படத்தைப் பார்க்க நேர்ந்ததே, அதை எந்த நன்கொடை ஈடுகட்டும்? பொதுவெளிக்குப் போன படம் திரும்பி வருவதில்லை. குழந்தையின் மருத்துவ விவரங்களை விருது விழாவின் அறிவிப்பில் அடுக்கி வாசிப்பவர்களும், அழும் பெற்றோரின் முகத்துக்கு அருகே கேமராவை நீட்டுபவர்களும் தொண்டு செய்யவில்லை. குழந்தை வேண்டாம் என்றால் படம் வேண்டாம், அதற்காகப் பரிசு குறையவும் வேண்டாம். இதில் நீங்களும் நானும் ஒரே பக்கம்தான்.

எனக்கு இருக்கும் இன்னொரு குறையை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். துன்பத்தை வென்றவர்களுக்கே விருது என்று விதி வகுக்கும்போது, பிழைத்து வந்த குழந்தைகள் மட்டுமே தேர்வுக்குழுவின் கண்ணில் படுகிறார்கள். பிராட்லி பிழைக்கவில்லை, ஆயினும், இன்னலின் நடுவே சிறந்து நின்றவர்களுக்கு பிபிசி வழங்கும் ஹெலன் ராலசன் விருது 2017 டிசம்பரில் அவனுக்குத்தான் அளிக்கப்பட்டது. அது சரியான தீர்ப்பு என்பேன். நோயிலிருந்து மீள்வது குழந்தையின் கையிலோ நண்பனின் கையிலோ இல்லாதபோது, மீளாததை அவர்களுடைய தோல்வியாக எண்ணுவது எவ்வளவு கொடுமை! அதேபோல் பிரேசிலில் பால்மெய்ராஸ் அணியின் ரசிகனான ஒரு சிறுவனுக்குப் பார்வையின்மையும் ஆட்டிசமும் உண்டு. அவை நாளையும் இருக்கும். அவனை மைதானத்துக்கு அழைத்துப் போய், ஒவ்வொரு பாஸையும் ஒவ்வொரு கோலையும் காதருகே விவரித்துச் சொல்லிவந்த வளர்ப்புத் தாய் சில்வியா கிரெக்கோவுக்கு, 2019இல் மிலான் நகரில் ஃபிஃபாவின் ரசிகர் விருது கிடைத்தது. மேடைக்கு அவர் மகனோடுதான் வந்தார். துணையாக இருந்தவரையும் சேர்த்து மேடையேற்றிய அந்த முறையை ஏனையோரும் பின்பற்ற வேண்டும் என்பது என் விருப்பம். பெரும்பாலான விழாக்களில் நோயுற்ற குழந்தை மட்டும் நடுவில் நிற்கும். தினமும் மாலையில் வந்து வீட்டுப்பாடத்தைச் சொல்லிப்போன பக்கத்து வீட்டுப் பையன் பார்வையாளர் வரிசையில்கூட இருப்பதில்லை. நட்புக்கு விருது என்று அறிவித்துவிட்டு நண்பனை அழைக்காமல் விடுவது எனக்குப் புரியவே இல்லை. நுழைவுச்சீட்டு கொடுப்பதானால் இரண்டாகக் கொடுக்கட்டும். ஒரே ஒரு நாளுக்கு என்றில்லாமல் ஒரு பருவம் முழுவதற்கும் கொடுக்கட்டும்.

எனவே, இப்படிப்பட்ட அறக்கட்டளை எதுவும் உங்களிடம் நன்கொடை கேட்டு வந்தால், சென்ற ஆண்டு விருது பெற்ற குழந்தையை இந்த ஆண்டு யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். நண்பனும் அழைக்கப்பட்டானா, குழந்தையிடம் சம்மதம் கேட்கப்பட்டதா, விழாச் செலவு எவ்வளவு, அதற்குப் பிந்தைய செலவு எவ்வளவு என்றும் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவர்களுக்குத் தயங்காமல் கொடுங்கள். மழுப்புகிறார்கள் என்றால், நீங்கள் எழுதியபடியே அந்தப் பணத்தை மருந்துக்குக் கொடுத்துவிடுங்கள். நானும் அதைத்தான் செய்வேன்.