சின்னத் தொடக்கப் பள்ளியில் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்து விளையாட வைப்பது எப்படி?

உங்கள் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள், முப்பதுக்கு மேல் பிள்ளைகள், உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. ஒரு பையன் காலில் காலிப்பர் (நடக்க உதவும் தாங்கு கருவி), ஒரு பெண்ணுக்குப் பார்வை குறைவு, இவர்களையும் சேர்த்து எப்படி விளையாட வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஈராசிரியர் பள்ளியில்தான் வேலை பார்க்கிறேன். எங்கள் பிள்ளைகளோடு செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் வேலை, அந்தப் பையன் கையில் ஸ்கோர் நோட்டைக் கொடுத்து உட்கார வைப்பதை நிறுத்துங்கள். விசில் ஊதுவது, மற்றவர்களின் பையைப் பார்த்துக்கொள்வது, இதெல்லாமும் வேண்டாம். பாசத்தில்தான் கொடுக்கிறோம், ஆனால் அவன் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தால் ஐந்தாம் வகுப்பு வரை எழுந்திருக்க மாட்டான். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. மாற்றுத்திறனுள்ள குழந்தைகளுக்கும் அதே 60 நிமிடம்தான்.

அடுத்தது ‘அவுட்’. பிடிபட்டால் வெளியே போய் நில் என்பதுதான் பாதி விளையாட்டுகளின் விதி. முதலில் வெளியே போவது யார்? மெதுவாக ஓடுகிற பிள்ளை, உடம்பு கனத்த பிள்ளை, பந்து வருவது கண்ணுக்குத் தெரியாத பிள்ளை. யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான் அதிக நேரம் சுவரோரம் நிற்கிறது. எங்கள் பள்ளியில் அவுட்டே இல்லை. கல்லா மண்ணாவில் பிடிபட்டால் பிடிக்கிற கூட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். இசை நாற்காலியில் நாற்காலியை மட்டும்தான் எடுப்போம், மிச்சமிருக்கும் நாற்காலிகளில் எல்லோரும் இடித்துப் பிடித்து உட்கார வேண்டும். பிள்ளைகளுக்கு இதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது.

காலிப்பர் போட்ட பையனுக்கு உட்கார்ந்து ஆடும் கைப்பந்தைச் சொல்வேன். பாராலிம்பிக்கில் ஆடுகிற ஆட்டம் இது. மணலைக் கூட்டி, இரண்டு குச்சி நட்டு, உட்கார்ந்த பிள்ளைகளின் தலைக்குச் சற்று மேலே கயிறு கட்டுங்கள். எல்லோரும் தரையில்தான் உட்கார வேண்டும், பந்தைத் தொடும்போது இடுப்பு தரையை விட்டு எழும்பக் கூடாது. கையை ஊன்றி நகர்ந்து பழகிய பிள்ளை இதில் மற்றவர்களை முந்திவிடும். அவனை ஒப்புக்குச் சேர்த்துக்கொள்ளும் பேச்சு அதோடு நின்றுவிடும். முதலில் பலூன், கை பழகியதும் லேசான பிளாஸ்டிக் பந்து.

பார்வை குறைந்த பெண்ணுக்குச் சத்தம் வேண்டும். பார்வையற்றோர் ஆடும் கோல்பால் விளையாட்டில் பந்துக்குள் மணி இருக்கும், ஆடுகிறவர்கள் எல்லோரும் கண்ணைக் கட்டியிருப்பார்கள். நாங்கள் துணிப்பந்துக்குள் சலங்கை வைத்துத் தைத்தோம். கோட்டுக்கு அடியில் கயிறு போட்டு மேலே டேப் ஒட்டினால் எல்லை காலுக்குத் தெரியும். எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டுப் பந்தை உருட்டினால் மொத்தக் கூட்டமும் வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டும். (சத்தம் போடாதே என்று சொல்ல வேண்டாத ஒரே விளையாட்டு!) மற்ற நேரங்களில் பளிச்சென்ற மஞ்சள் பந்து. வெள்ளைப் பந்து வெயிலில் அவளுக்குத் தெரியாது.

கேப்டன்கள் ஆளைப் பொறுக்கி எடுக்கும் பழக்கமும் வேண்டாம். கடைசியில் மிஞ்சி நிற்பது எப்போதும் அதே பிள்ளைதான். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்துவிடுங்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெண்கள் மெல்ல ஒதுங்கத் தொடங்குவார்கள், இப்படி எண்ணிக் கலந்தால் அவர்களும் உள்ளே வருகிறார்கள். விசில் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை இருந்தால் கொடியை அசைத்தாலே போதும்.

‘பாவம், விழுந்துடப் போறான்’ என்று வீட்டிலும் சொல்வார்கள், உடன் வேலை பார்ப்பவரும் சொல்வார். அந்தப் பயத்தை ஒதுக்கிவிடாதீர்கள். எந்த அசைவு அவனுக்கு ஆகாது, காலிப்பரை எப்போது கழற்றலாம் என்று வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் முன்பே கேட்டுவிடுங்கள். வலிப்பு, இதயக் கோளாறு உண்டா என்று பெற்றோரிடம் கேளுங்கள். அதற்கு மேலும் தயங்கினால் சட்டத்தைச் சொல்லலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16, விளையாட்டிலும் சம வாய்ப்புத் தரச் சொல்கிறது. எங்கள் பெற்றோர்களிடம் சட்டத்தை விட மாரியப்பன் தங்கவேலுவின் பெயர்தான் எடுபட்டது. ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கிய சேலத்துப் பையன், பள்ளியில் ஓர் உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்ட வைத்ததால் 2016 ரியோவில் தங்கம் வென்றார். எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அந்த ஆசிரியர் அவர் கையில் ஸ்கோர் நோட்டைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பணம் பெரிதாகத் தேவையில்லை. பள்ளிக் கல்விக்கான மத்திய அரசுத் திட்டமான சமக்ர சிக்‌ஷா விதிப்படி தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை விளையாட்டுச் சாமான் வாங்கலாம். கிரிக்கெட் மட்டையிலேயே அதைக் கரைத்துவிடாமல் லேசான பந்துகள், வளையங்கள், கயிறு என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு வாங்குங்கள்.

அப்புறம், விதியை எப்படி மாற்றலாம் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள், முக்கியமாக அந்தப் பையனிடமும் அந்தப் பெண்ணிடமும். ஏழுகல்லில் கல் அடுக்கும் இடத்தைத் திண்ணை உயரத்துக்குக் கொண்டுவந்தால் குனிய வேண்டியதில்லை என்று எங்களுக்குச் சொன்னதே ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளைதான்.